கவிதாவுக்கு, அம்மா எழுதுவது

அன்பு மகள் கவிதாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், தை கடைசியில். மற்றதைப் போனில் சொல்கிறேன், நீ எடுத்தால்.

பேரனுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. எடை எவ்வளவு? போன ஞாயிறு தடுப்பூசி குறிக்கிற கிளினிக் புத்தகத்தைக் காட்டு என்றேன். "எங்கேயோ வைத்துட்டேன்மா" என்றாய். ஸ்டாண்டர்ட் ஒன் ரிப்போர்ட் கார்டைக்கூட இன்றுவரை பைலில் வைத்திருக்கிற பிள்ளை நீ. அதற்குள் மாப்பிள்ளை வந்தார், நீ பேச்சை மாற்றினாய். நானும் மேலே கேட்கவில்லை. தீபாவளிக்கு, நீ நிறைமாதமாக இருந்தபோது, இந்த ஊசிப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்று நம் மூவருக்கும் தெரியும்.

அதனால் நர்ஸ் வேலையில் வார்டில் நான் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோப்பில் வேலை செய்தவர். செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஆணி ஏறியது. பிடுங்கிப் போட்டு, எண்ணெய் தடவி, மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். புண்ணும் மூடிக்கொண்டது. மேலே மூடியதுதான் வினை. டெட்டனஸ், அதாவது ரண ஜன்னிக் கிருமிக்குக் காற்றுப் போகாத ஆழம்தான் வேண்டும். ஒரு வாரம் கழித்து வாயைத் திறக்க முடியவில்லை. பல்வலி என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது கழுத்து இறுகிவிட்டது. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு சிரிப்பது போல இருக்கும் அந்த முகம். அவர் மனைவி அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றார்.

ஒரு டிரே கீழே விழுந்தால் போதும். விளக்கைச் சட்டென்று போட்டால் போதும். முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் மெத்தையில் படும். நினைவு துளியும் தப்பாது, கவிதா. ஒவ்வொரு இழுப்பும் அவருக்குத் தெரியும், வலிக்கும், கத்த வாய் திறக்காது.

மூலை அறையைக் காலி செய்து ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டோம். மருந்து ஏறி உடம்பு அடங்கிய நேரத்தில்தான் எல்லா வேலையும்: வாய் துடைப்பது, சளி உறிஞ்சுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாயில் சாப்பாடு. தொடுவதற்கு முன்னால் காதருகே போய், "ஐயா, கையைத் தொடப் போறேன்" என்று மெதுவாகச் சொல்வேன். பிறகு உள்ளங்கையை முழுதாக வைப்பேன். விரல் நுனி பட்டால் துடித்துவிடுவார்.

காயத்தைக் கிழித்துச் சுத்தம் செய்தார்கள். கிருமியைக் கொல்ல மெட்ரோனிடசோல், கிருமி விடுகிற விஷத்தைப் பிடிக்க இம்யூனோகுளோபுலின் எல்லாம் போட்டார்கள். அந்த இம்யூனோகுளோபுலின் உடம்பில் இன்னும் சுற்றுகிற விஷத்தைத்தான் பிடிக்கும். நரம்புக்குள் போன விஷத்தை எடுக்க எந்த மருந்தும் கிடையாது. நரம்பு நுனி புதிதாக வளர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இழுப்பை அடக்க டயஸிபாம், மக்னீசியம், தொண்டையில் துளை போட்டு மெஷின் மூச்சு. ரத்த அழுத்தம் ஒரு நேரம் எகிறும், ஒரு நேரம் பாதாளத்துக்குப் போகும். அவர் பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜுக்கு முன் தடுப்பூசியையும் தொடங்கினார்கள். நோயே வந்து போய்விட்டதே, இனி எதற்கு ஊசி என்று அவர் தம்பி கேட்டார். இந்த நோய் வந்தாலும் எதிர்ப்பு வராது. ஆளைக் கொல்கிற அளவு விஷம்கூட உடம்பு அடையாளம் கண்டுகொள்ளப் போதாது. அவ்வளவு கொஞ்சம் அது.

மாப்பிள்ளை அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. "சுற்றி எல்லாப் பிள்ளைக்கும் போட்டிருக்காங்க அத்தை, நம்ம பிள்ளைக்கு யார்கிட்ட இருந்து வரப்போகுது?" பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர் இப்படிக் கேட்கமாட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தட்டம்மைக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஓடும். இது ஆளிடமிருந்து ஆளுக்கு வருவதில்லை. மண்ணில் இருக்கிறது, சாணியில் இருக்கிறது, உங்கள் செந்தூல் வீட்டு வாசல் புழுதியிலும் இருக்கும். உங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க ஊசி போட்டிருந்தாலும் நம் பிள்ளை கால் நம் பிள்ளை கால்தான்.

நிபோங் திபால் தோட்டத்தில் பாட்டிக்கு முதலில் பிறந்ததைப் பற்றி உனக்குத் தெரியும். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தது, பிறகு வாய் திறக்கவில்லை. அதுவும் இதே நோய்தான், தொப்புள் வழியாக வந்தது. உனக்குத் தொப்புள் விழும்வரை பாட்டி தொட்டிலை விட்டு நகரவில்லை. சொந்தத் தங்கச்சி திருநீறு கொண்டுவந்தபோதுகூட, "நெத்தியில வை, தொப்புள்ல கை வைக்காதே" என்று கத்திவிட்டார்கள்.

நீ மாசமாக இருந்தபோது ஊசி போட்டுக்கொண்டாய். அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான். உன் ரத்தத்திலிருந்து போன எதிர்ப்புதான் இன்று அவனுக்குக் காவல். அது சில மாதத்தில் கரைந்துவிடும். 2, 3, 5 மாதங்களில் ஊசி, பிறகு 18 மாதத்தில். 7 வயதிலும் 15 வயதிலும் பள்ளிக்கூடத்திலேயே போடுவார்கள். 2020 கடைசியிலிருந்து கைக்குழந்தைகளுக்கு டெட்டனஸோடு சேர்த்து ஆறு நோய்க்கும் ஒரே ஊசி. இரண்டாம் மாதத்து ஊசி தவறியிருந்தால் தவறட்டும், இப்போது போய்த் தொடங்கலாம். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி இரண்டு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள். நானும் அப்படித் திட்டியவள்தான், வந்துவிட்டார்களே என்ற சந்தோஷத்தில் திட்டுவது அது.

புத்தகத்தைத் தேடு. காலியாக இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்று ராத்திரி கொஞ்சம் காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். மருந்து எவ்வளவு என்று எடை பார்த்துக் கிளினிக்கில் சொல்வார்கள். பால் மட்டும் நிறுத்தாதே. ஊசி போடும்போது நீ பிடிக்க வேண்டாம், உனக்கு மனசு தாங்காது, என் மடியில் வைத்துக்கொள்கிறேன். பட்டர்வொர்த்தில் காலையில் இடிஎஸ் ரயில் ஏறினால் மத்தியானம் கேஎல் சென்ட்ரல். உங்கள் கிளினிக்கில் குழந்தைகளுக்கு எந்தக் கிழமை என்று கேட்டுச் சொல், முந்தின நாளுக்கு டிக்கெட் எடுக்கிறேன். மாப்பிள்ளையிடம் நீ பேசுகிறாயா, நான் வந்து பேசட்டுமா என்பதையும் சொல்.

அம்மா