செல்வத்துக்கு எங்கிருந்து வந்தது?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுப் பூச்சு வேலை ஒருவழியாக முடிந்ததில் சந்தோஷம். பேத்திக்குப் பல் முளைத்து எல்லாரையும் கடிக்கிறாள் என்றாயே, உன் வாரிசேதான்! ஆறாம் வகுப்பில் நீ கடித்த தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது.

ஆனால், 'இந்தத் தடவை சொட்டு மருந்துக்குத் தூக்கிப்போகவில்லை, இப்போது யாருக்குப் போலியோ வருகிறது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கால் சூம்பிய பிள்ளை கண்ணில் படவில்லை, அதை வைத்துத்தானே சொல்கிறாய்? கிருமி தொற்றிய 200 பேரில் சுமார் ஒருவருக்குத்தான் கை கால் விழும். பத்தில் ஏழு பேருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான். ஆனால் அத்தனை பேர் குடலிலும் கிருமி பெருகி, வாரக்கணக்கில் மலத்தோடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

போலியோ வந்து முடங்கிப்போன நம் கூட்டாளி செல்வத்தின் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாளே, "தெருவில் ஒரு பிள்ளைக்கும் இல்லாதது என் பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்துடா வந்தது?" என்று. குளத்தங்கரைக் காற்று பட்டுவிட்டது என்று நம்பி, அந்தப் பக்கம் போவதையே விட்டாள். தெருவில் இல்லாமல் இல்லை, முருகேசா. வாய்க்கால் மேட்டில் அவனோடு புரண்ட நமக்கெல்லாம் வந்து, வந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். உன்னிடமிருந்தோ என்னிடமிருந்தோகூட அவனுக்குப் போயிருக்கலாம்.

பழங்கதை என்று நினைக்காதே. 2022இல் நியூயார்க் மாநிலம் ராக்லண்டில், தடுப்பூசி போடாத ஒரே ஓர் இளைஞருக்கு வாதம் வந்தது. சாக்கடைத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால், அவர் படுப்பதற்கு முன்பே கிருமி அங்கே ஓடியிருக்கிறது. 2024இல் காசாவிலும் முதலில் சாக்கடையில்தான் அகப்பட்டது. பத்து மாதக் குழந்தைக்கு வாதம் என்பது பிறகுதான் உறுதியானது.

போலியோ ஊசி போட்டாயிற்றே என்பாள் மருமகள். நல்லதுதான், ஊசி உன் பேத்தி காலைக் காக்கும். ஆனால் குடலில் கிருமி தங்குவதைச் சொட்டு மருந்து அளவுக்கு அது தடுக்காது. ஊசி போட்ட பிள்ளைக்குக் கிருமி தொற்றினால், நன்றாக விளையாடிக்கொண்டே, ஒன்றும் போடாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிடலாம்.

புதன்கிழமை தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போய், எந்தத் தவணை விட்டுப்போயிருக்கிறது என்று நர்ஸம்மாவிடம் கேள். மருமகளிடம் குரலை உயர்த்தாதே, இதை அப்படியே படிக்கக் கொடு. போய் வந்ததும் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
ராமு