ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த வீடியோ கேம் பெட்டி: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். சேலத்தில் எங்கள் படிப்பகத்தின் பின் அறையில் ஆளுயர மரப்பெட்டி ஒன்று பழைய போர்வை போர்த்தி நிற்கிறது. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற வீடியோ கேம் மிஷின் அது. அதை மறுபடியும் ஓட வைக்க உங்களிடம் பணம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். எவ்வளவு, எதற்கு என்ற கணக்கு பின்னால் வருகிறது. அதற்கு முன் பெட்டி எங்கள் கைக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை கிடைப்பதற்கு முன்னால், 1983 வாக்கில், ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரூம்பாயாக இருந்திருக்கிறார். முன்கூடத்தில் ஒரு ஆட்ட மிஷின் இருந்ததாம். பெயர் தெரியாது. “உள்ள நிலா தெரியும். பூச்சி மாதிரி வரிசையா இறங்கி வரும், சுடணும்” என்றார். அந்தக் காலத்து ஆட்டங்களில் பாதிக்கு இந்த வர்ணனை பொருந்தும் என்பதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அவரே சொன்னார்: “நான் குண்டை எண்ணிக்கிட்டே இருப்பேன். இருபத்து மூணாவது குண்டுல மேல போற தட்டை அடிச்சா முன்னூறு. அதுக்கப்புறம் பதினஞ்சு பதினஞ்சா எண்ணணும். தப்பவே தப்பாது.”

அதைக் கேட்டதும் எங்களில் இளையவர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் திரையின் உச்சியில் அவ்வப்போது ஒரு பறக்கும் தட்டு போகும். அதற்கு எத்தனை புள்ளி என்று மிஷின் சொல்லாது, கேள்விக்குறிதான் போட்டிருக்கும். ஆடுகிறவர்களுக்கு அது அதிர்ஷ்டம் போலத் தெரியும். உள்ளே இருக்கும் கணக்கோ நாம் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 23-வது குண்டில் 300, பிறகு ஒவ்வொரு 15-வது குண்டிலும் 300. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆடித் தேய்ந்தவர்கள் கண்டுபிடித்த இந்தச் சூட்சுமத்தை, அறை கூட்டி முடித்த நேரத்தில் டோக்கன் போட்டு ஆடிய ஒரு பையன் ஏற்காட்டில் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறான். இது தெரிந்த பிறகு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை.

தேட எட்டு மாதம் ஆனது. லாட்ஜ் எப்போதோ கைமாறிவிட்டது. சாமான்களை ஏலத்தில் எடுத்தவரைத் தேடிப் போனோம், அவர் காலமாகியிருந்தார். அவர் மகன் ஒரு லாரி டிரைவரைக் கைகாட்டினார். டிரைவர் ஒரு எஸ்டேட் மேஸ்திரியைச் சொன்னார். கடைசியில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் கிடங்கில், மிளகு மூட்டைகளுக்கு முட்டுக்கொடுத்தபடி பெட்டி நின்றது. பின்கதவு இல்லை. தலையில் பழைய பற்றுவரவு நோட்டுகள் அடுக்கியிருந்தன. எங்கள் லைன்மேன் ஐயா தோள் துண்டை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே நிலாத் தரை தெரிந்தது. மேடும் பள்ளமுமாக, ஒரு மூலை மட்டும் பூச்சி அரித்து. காசு போடும் கதவைத் திறந்தால் மிளகுத் தூசி கொட்டியது. சந்தில் ஒரு பித்தளை டோக்கன் சிக்கி நின்றது. ஐயா அதை எடுக்க விடவில்லை. “ஓடுறப்ப விழட்டும்” என்றார். இன்றும் அது அங்கேயேதான் இருக்கிறது.

எஸ்டேட் அம்மா 45,000 ரூபாய் கேட்டார், கொடுத்தோம். வண்டி, ஏற்றுக்கூலி 9,000. இரண்டும் குழுவினர் கைக்காசு. இறக்கிக் கொண்டுவந்ததில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெட்டியை நிமிர்த்திக் கட்டாமல் படுக்கப்போட்டு வந்தோம். அடிவாரத்தில் இறக்கிப் பார்த்தபோது உள்கண்ணாடி குறுக்கே விரிந்திருந்தது. நாற்பது வருட ஈரத்தைத் தாங்கிய கண்ணாடி எங்கள் கையில் போனது. அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த மிஷினைப் பற்றிக் கொஞ்சம். ஸ்பேஸ் இன்வேடர்ஸை 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக உருவாக்கியவர் டொமோஹிரோ நிஷிகாடோ. ஆட்டத்தை மட்டுமல்ல, அதை எழுதத் தேவையான கருவிகளையும் தாமே செய்துகொண்டவர். அமெரிக்காவுக்கு மிட்வே நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரித்தது. எங்களிடம் இருப்பது மிட்வே பெட்டி. அமெரிக்காவில் இது ஏராளமாக விற்றது, அங்கே இன்றும் தேடினால் கிடைக்கும். நம் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்து இன்னொன்று இல்லை.

இதன் மூளை இன்டெல் 8080 என்ற சில்லு. இன்ஜினியரிங் கல்லூரி லேபில் 8085 கிட்டில் ஹெக்ஸ் எண்களைத் தட்டிக் கூட்டல் கழித்தல் போட்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த 8085-க்கு அண்ணன் இது. ஆட்டம் மொத்தமும் 8 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் இதைவிடப் பல மடங்கு பெரிது.

எதிரிகள் 5 வரிசை, வரிசைக்கு 11, ஆக 55. ஒரு நொடியில் 60 முறை திரை புதுப்பிக்கப்படும்போது, ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு எதிரியைத்தான் சில்லு நகர்த்தும். அதனால் முழுக் கூட்டமும் ஓர் அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. சுடச் சுட ஆள் குறைகிறது, அடி வேகமாகிறது. கடைசியாக மிஞ்சும் ஒன்று பாய்ந்து ஓடும். நிஷிகாடோ இதைக் கவனித்துவிட்டு, ஆட்டத்துக்கு நல்லது என்று அப்படியே விட்டுவிட்டார். ஐயா இதைத் தன் பாஷையில் சொல்வார்: “ஆள் குறையக் குறைய அதுக்கு வெறி ஏறும்.”

படம் தெரியும் விதம்தான் எங்களை அதிகம் கட்டிப்போட்டது. பிக்சர் டியூப் நம்மைப் பார்த்து இருக்காது. கீழே மல்லாந்து கிடக்கும், படம் இடவலம் மாறி ஓடும். மேலே சாய்வாக அரை ரசம் பூசிய ஒரு கண்ணாடி. அது டியூபின் படத்தை நம் பக்கம் திருப்பிக் காட்டும், பின்னால் இருக்கும் நிலாத் தரையையும் ஊடே தெரிய விடும். இரண்டும் சேர்ந்து, எதிரிகள் நிலவின் மேல் அந்தரத்தில் மிதப்பது போல இருக்கும். டியூப் கறுப்பு வெள்ளைதான். கீழே ஒரு பச்சைக் கண்ணாடித்தாள் பட்டை, மேலே ஒரு ஆரஞ்சுப் பட்டை. நிறமெல்லாம் அவ்வளவே.

“எதுக்கு இவ்வளவு பாடு? உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டரும் எல்.சி.டி. திரையும் வெச்சா இருபதாயிரத்துல முடிஞ்சிடுமே” என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குழுவிலும் இரண்டு கூட்டம் இதையே பேசினோம். எல்.சி.டி.யில் கறுப்பு என்பது முழு இருட்டாக இருக்காது, பின்விளக்கின் வெளிச்சம் கசியும். அந்தச் சாம்பல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தால் நிலா மங்கிப்போகும். டியூபின் கறுப்பு அசல் இருட்டு. சத்தத்துக்கும் இதே கதைதான். எதிரிகள் நடக்கும்போது வரும் ‘தம், தம், தம், தம்’ எங்கேயும் பதிவு செய்து வைத்ததல்ல. ரெசிஸ்டரும் கண்டென்சரும் கொண்ட சர்க்யூட் அந்த நேரத்தில் எழுப்பும் ஒலி அது. இப்படி யோசித்துத்தான் அசலையே உயிர்ப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

முடியுமா? முடியும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. அம்மாபேட்டையில் டிவி மெக்கானிக்காக இருக்கும் எங்கள் உறுப்பினர் டியூபின் ஹீட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். அறை விளக்கை அணைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டியூபின் கழுத்துக்குள் மெல்ல ஒரு செம்மஞ்சள் ஒளி வந்தது. இந்த வகை டியூபை இப்போது யாரும் செய்வதில்லை. அது போயிருந்தால் இந்த வேண்டுகோளே வந்திருக்காது.

முழு மிஷினுக்கும் இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. 8080-க்கு மூன்று வோல்டேஜ் வேண்டும்: +5, –5, +12. அதில் –5 வராமல் மற்றவை வந்தால் சில்லு செத்துவிடும். அதனால் முதல் செலவு பவர் சப்ளைக்கு. மிஷின் அமெரிக்காவின் 110 வோல்ட்டுக்குச் செய்தது என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்து 12,000 ரூபாய். டியூபை ஓட்டும் மானிட்டர் போர்டில் காய்ந்த கண்டென்சர்களை எல்லாம் மாற்றி, டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மரைச் சரிபார்க்க 30,000. ஆட்டத்தின் போர்டுகளுக்கு 38,000. எலி கடித்த ஒயர்கள், பச்சை பூத்த இணைப்புகள், மாற்ற வேண்டிய மெமரி சில்லுகள் எல்லாம் இதில் அடக்கம். சில்லுகளின் வெள்ளி முலாம் பூசிய கால்கள் கறுத்திருக்கின்றன. வெள்ளி ஏன் கறுக்கிறது என்று வெள்ளி வேலை நடக்கும் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் எங்கள் உறுப்பினர் ஒருவர்தான் அந்தக் கால்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்கிறார், கூலி வாங்காமல்.

ஈரத்தில் ஊதிய அடிப்பலகையையும் காணாமல் போன பின்கதவையும் செய்ய ஆசாரி 24,000 கேட்டிருக்கிறார். பக்கவாட்டு ஓவியத்தைத் தொட மாட்டோம், தூசி மட்டும் துடைப்போம். நாங்கள் உடைத்த கண்ணாடிக்கு மாற்று, நிலாவின் அரித்த மூலை, நிறத்தாள்கள் எல்லாம் சேர்த்து 21,000. எதிர்பாராத செலவுக்கு 15,000. ஆக மொத்தம் 1,40,000 ரூபாய். கையிருப்பு 17,500. வேண்டியது 1,22,500.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மரவேலையை முடித்துவிட வேண்டும் என்பது ஆசாரியின் நிபந்தனை. அதனால் ஆவணிக்குள் பாதித் தொகையாவது சேர்ந்தால் நிம்மதி.

ஐம்பது ரூபாயானாலும் தாருங்கள். படிப்பகத்தில் மாலை 6 முதல் 8 வரை பொருளாளர் இருப்பார், ரசீது இல்லாமல் பணம் வாங்க மாட்டார். வருமான வரிச் சலுகை எங்களுக்குக் கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வேலை முடிந்து பணம் மிஞ்சினால் அது சிறுவர் நூல் அலமாரிக்குப் போகும். போர்டு எவ்வளவு முயன்றும் எழவில்லை என்றால், வேறு மிட்வே போர்டு வாங்கலாமா, பணத்தைத் திருப்பித் தரலாமா என்பதை நன்கொடையாளர் கூட்டம் கூட்டி, கேட்ட பிறகே முடிவெடுப்போம்.

பணமாகத்தான் என்றில்லை. பரணில் பழைய கறுப்பு வெள்ளை டிவி இருந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டயனோரா, சாலிடேர், எதுவானாலும் சரி. கல்லூரி லேபில், மெமரி சில்லில் எழுத உதவும் பழைய ஈப்ராம் புரோகிராமர் தூங்கினால் இரண்டு நாள் இரவல் போதும்.

பெட்டி ஓடத் தொடங்கியதும் படிப்பகத்தின் முன் அறையில் வைப்போம். ஞாயிறுதோறும் பிள்ளைகள் காசில்லாமல் ஆடலாம். முதல் ஆட்டம் மட்டும் லைன்மேன் ஐயாவுக்கு. அவருக்கு இப்போது ஒரு கண்ணில் புரை, ஆனாலும் எண்ணுவதற்குக் கண் வேண்டாம் என்கிறார்.

பெட்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வரலாம், போர்வையை எடுத்துக் காட்டுகிறோம். அந்த லாட்ஜின் பித்தளை டோக்கன் உங்கள் வீட்டுச் சில்லறை டப்பாவில் எங்காவது கிடந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள். எங்களிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

இப்படிக்கு,
மீட்புக் குழுவினர்,
சேலம்