நரை விழுந்த கொண்டைக்குருவி: ஒரு நன்றி மடல்

அரிட்டாபட்டி ஊர்மக்களுக்கும், ஒரு குருவிக்காக ஐந்து வாரம் என்னுடன் அலைந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

தை மாதக் கடைசியில் மலைப்பாறைகளில் இராசாளிகளைப் பார்க்க வந்த நான், ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் ஏறக்குறைய முழுவதும் வெண்மையான ஒரு பறவையைக் கண்டேன். வெள்ளை உடலையும் தலையிலிருந்த சிறு கொண்டையையும் மட்டும் வைத்து, அது வால் உதிர்ந்த அரசவால் ஈப்பிடிப்பான் என்று அன்றிரவே நண்பர்கள் எல்லோருக்கும் அறிவித்தேன். அந்த இனத்து ஆணுக்கு உடல் வெளுத்திருந்தாலும் தலை கன்னங்கரேலென்று இருக்கும் என்பதை அறிந்திருந்தும், மகிழ்ச்சியில் மறந்துபோனேன்.

அதைப் பலர் முன்னிலையில் கேலி செய்யாமல், தனியே அழைத்து, "நிறத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்ன ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஐயாவுக்கு என் முதல் நன்றி. அவ்வாறு எழுதியபோதுதான், அது உண்ணிப்பழத்தைக் கொத்தித் தின்பதும், சாதாரணச் சின்னான் (நம் கொண்டைக்குருவி) ஒன்றை விட்டுப் பிரியாமல் திரிவதும், வாலின் அடியில் குங்குமம் போன்ற சிவப்பு இருப்பதும் என் கண்ணில் பட்டன. மேலூர்த் தம்பி ஒருவர் விடியற்காலையில் வந்து அதன் குரலைப் பதிவு செய்து தந்தார். நம் வீட்டு முருங்கை மரத்தில் நாள்தோறும் கேட்கும் அதே குரல். நான் அபூர்வம் என்று அறிவித்தது, ஊரெங்கும் உள்ள செம்புழைச் சின்னான்.

அது ஏன் வெளுத்தது என்பதை விளக்கியவர் கால்நடை மருத்துவரான என் தோழி. கறுப்பும் பழுப்பும் பறவையின் உடலே உண்டாக்கும் மெலனின் நிறமியால் வருவன. சிவப்போ உணவிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமியால் வருவது. ஆகவே மெலனின் அற்றுப்போனாலும் சிவப்பு நிற்கும். கண் கறுப்பாக இருந்ததால், கண்ணிலும் மெலனின் இல்லாத அல்பினோ அன்று இது. பிறவியிலேயே இறகுக்கு மெலனின் சேராத லூசிசம் என்னும் குறையாக இருக்கலாம் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம்.

அந்த முடிவையும் மாற்றியவர், கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கும் அம்மா. படத்தைக் காட்டியதும், "இது நம்ம கொண்டைக்குருவிதேன்யா, நரை விழுந்திருச்சு. போன வருசம் றெக்கையில மட்டுந்தேன் வெள்ளை இருந்துச்சு" என்றார். லூசிசத்தில் வெள்ளைத் திட்டுகள் குஞ்சுப் பருவம் முதல் மாறாமல் இருக்கும். இறகுதிர்க்கும் ஒவ்வொரு முறையும் வெண்மை கூடிக்கொண்டே போனால், அது நிறமியை உண்டாக்கும் செல்கள் படிப்படியாக ஓய்ந்துபோவதன் விளைவு. பறவையியலாளர்களும் இதை நரைத்தல் என்றே அழைக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தபோது, எங்கள் நால்வரின் படிப்பும் சற்றுத் தலைகுனிந்தது. அம்மா, அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இடையில் ஒருவர் அந்தக் குருவிக்கு விலை பேசிக்கொண்டு வந்தாராம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துச்சொல்லித் தேநீர்க் கடையிலேயே அவரைத் திருப்பி அனுப்பிய இளைஞர்களுக்கும் நன்றி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அல்லவா! படத்தை அத்தனை பேருக்கு அனுப்பிய என் அவசரமும் அவர் வரக் காரணமாக இருந்திருக்கலாம். ஆதலால், எந்தப் புதர் என்பதை இம்மடலில் எழுதாமல் விடுகிறேன்.

மாசிக் கடைசியில் வெள்ளைக் குருவியும் அதன் கறுத்த துணையும் அப்புதருக்கு நார் கொண்டுபோவதைக் கண்டோம். அன்று முதல் ஆடுகளை மறுகரைக்கு ஓட்டிச் செல்லும் அந்த அம்மாவுக்கு, இன்னொரு முறையும் என் நன்றி.