தம்பிக்கு, திவசம் முடிந்த மறுநாள்

தம்பி,

திதிப்படி பார்த்ததில் அம்மாட திவசம் பத்து நாள் முந்தி வந்துவிட்டது. நேற்று முடிந்தது. ஐயர் வந்து போனார், ஊராக்கள் சாப்பிட்டார்கள், கத்தரிக்காய்க்கு உப்புக் கூடிப்போச்சு என்று பெரியம்மா ரெண்டு தரம் சொன்னா. மகன் நீ இருந்தும் என் மகன்தான் தர்ப்பை போட்டான்.

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உன் பெண்சாதியின் போனுக்கு அனுப்பினால் பார்த்த அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சடங்குப் படம் போட்டால் முதல் ஆளாகப் பார்க்கிறவன் நீ, இதையும் பார்ப்பாய். மற்றவர்களும் பார்ப்பார்கள். அதனால் ஒன்றை மட்டும் எழுத மாட்டேன்: நீ ஏன் வரவில்லை என்பது. அது எனக்கும் உனக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நீ கேள்விப்பட்டது உண்மை. அம்மாவை ஆசுபத்திரிக்குக் கொண்டு போகும்போது உன் போன் அடித்தது.

2024 நவம்பர் 27. திங்கட்கிழமை தொடங்கின ஏ.எல். (உயர்தரப்) பரீட்சையை வெள்ளத்தால் நிறுத்தியிருந்தார்கள். மகள் கொப்பிகளைப் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, அம்மாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். நீ காலை பத்து மணிக்கு எடுத்தாய். “நேத்தே கொண்டு போயிருக்கணும், நீங்கெல்லாம் என்ன செய்யிறீங்க அங்க?” என்று கத்தினாய். நேற்று அம்மா நல்லாத்தான் இருந்தா. “எழுபத்தெட்டுச் சூறாவளிக்கே நான் சாகல்ல, இதுக்கா சாகப் போறன்” என்று சிரித்தா. உனக்கு அதைச் சொல்ல வாய் திறந்தேன், நீ வைத்துவிட்டாய்.

பின்னேரம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. வலையிறவுப் பக்கம் ரோட்டுக்கு மேலால் தண்ணீர். ஆட்டோ வராது. உன் அத்தான் உழவு மெசினை, டிராக்டரை, எடுத்தார். முதல் நாள்தான் மாவடிப்பள்ளியில் மெசின் பெட்டியோடு பிள்ளைகளை வெள்ளம் கொண்டு போயிருந்தது. அதே மாதிரிப் பெட்டியில் பாய் விரித்து அம்மாவைக் கிடத்தி, மேலே படங்கைப் பிடித்துக்கொண்டு நானும் மகளும் குந்தியிருந்தோம். தண்ணீர் சில்லில் பாதி. அத்தான் வாய் திறக்கவில்லை. அந்த மனிசன் பேசாமல் ஓட்டினால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆறு மணி இருக்கும். அடித்தது. உன் படம் வந்தது, அந்தத் தொப்பி போட்ட படம். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அம்மாட கிளினிக் கொப்பி இருந்த பைக்குள் போனைப் போட்டு வாயைச் சுற்றி முடிந்தேன். உள்ளே கிடந்து வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. அம்மா கண்ணைத் திறந்தா.

“ஆரு மகள்? தம்பியா?”

“இல்லம்மா. கொம்பனிக்காரன்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுகா கேட்டா: “அங்க இப்ப எத்தின மணியாம்?”

நான் பதில் சொல்லவில்லை. திரும்பவும் அடித்தது. மூன்றாம் தரம் போனை அணைத்துவிட்டேன். விடியப்புறம் எல்லாம் முடிந்த பிறகு உனக்கு எடுத்து, சிக்னல் இல்லை, டவர் விழுந்துபோச்சு என்றேன். டவர் நிமிர்ந்துதான் நின்றது.

இங்கே ஆறு என்றால் பிரான்சில் பகல் ஒன்றரை. உன் ரெஸ்டோரண்டில் தட்டுக் குவிகிற நேரம். அந்த நேரத்தில் கையைத் துடைத்துவிட்டு வெளியே வந்து எடுத்திருக்கிறாய். எட்டுச் சடங்கும் முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு அந்தக் கணக்கு வந்தது. கழுவினபடி அப்படியே இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள் தம்பி. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

ஆனால் இதையும் கேள். நீ இன்னொரு தரம் கத்தியிருந்தால், அந்தத் தண்ணீருக்குள் மெசினைத் திருப்பச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அம்மா உன் குரலைக் கேட்டு அழுதால் மூச்சு இன்னும் அடைக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா, அதுவும் சரியாகத் தெரியாது. கோபம் இருந்தது, அது மட்டும் நிச்சயம். ஐப்பசி முழுக்க நீ எடுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வாசலில் இருந்தது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

இந்த வீட்டுக்குக் கல்லறுத்த காசு நீ அனுப்பியது. சீதன வீடு அக்காவுக்கு, கடன் தம்பிக்கு என்று ஊரில் சிரிக்கிறார்கள். இந்தச் சுவரில் ஆணி அடிக்கும்போதும் எனக்கு உன் ஞாபகம்தான். அதற்காக அம்மாவைப் பார்த்த பத்து வருசத்தையும் நான் வாடகையாகக் கழித்ததாக நினைக்காதே. உன் மாமி மகள் அப்படித்தான் சொல்லித் திரிகிறாளாம். அவளும் வாசிக்கட்டும்.

டிசம்பர் 4 பரீட்சை திரும்பத் தொடங்கியது. சாவுத் துடக்கு வீட்டுப் பிள்ளை போவதா என்று பெரியாக்கள் கூடி நின்றார்கள். நீ ஒரு வரி அனுப்பினாய்: “புள்ளைய அனுப்பு.” அதைத்தான் எல்லாருக்கும் காட்டினேன். அந்த வெள்ளைச் சட்டையோடு அவள் ஒழுங்கையால் நடந்து போனதை நீ பார்த்திருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் ரிசல்ட் வந்தது. கம்பசுக்கு எடுபட்டுவிட்டாள், நம் குடும்பத்தில் முதல் பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு கிழமையில் சித்திரைப் பறுவம், தாய் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கிற பௌர்ணமி. அம்மாவுக்காக முதல் விரதம். கஞ்சியைக் கோயிலில் ஊற்றும்போது சந்தோசமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. வயல் கதை வேண்டாம். ரெண்டு தரம் விதைத்தோம், ஒரு தரத்துக் காசுதான் வந்தது.

உனக்கு மகள் பிறந்ததை ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். நம் பக்கத்தில் குடி, வம்சம் எல்லாம் தாய் வழிதான், அவள் எங்கள் குடியில்லை. ஆனால் படத்தில் மூக்கு அம்மாட மூக்கு. களவாக எடுத்து வைத்திருக்கிறேன். பெண்சாதியோடு சண்டை பிடிக்காதே, அவள் அனுப்பவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நீ அனுப்பின காசில் பதினாலாயிரம் மிச்சம். கொப்பியில் கணக்கு இருக்கிறது. திவசத்துக்கு அதில் கை வைக்கவில்லை. மகள் விடுதிக்குப் போகும்போது மெத்தையும் வாளியும் அதில்தான் வாங்குவேன். வேண்டாம் என்றால் எடுத்துச் சொல்லு. அவளுடைய நம்பர் உன்னிடம் இருக்கிறது. பகல் ஒன்றரைக்கு எடுக்காதே, முதலாளி ஏசுவான்.

அக்கா