டூயல் கிளட்ச் டியூன் எழுதுவோருக்கு, இரண்டாம் கியரிலிருந்து ஒரு மடல்

வணக்கம்.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் பெட்டி) டியூன், அதாவது அதன் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றும் ஃபைல், எழுதி விற்கும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். ஒரே காரில், இரண்டு வருடத்துக்குள், மூன்று பேருடைய டியூனைப் போட்டு ஓட்டிப் பார்த்தவன் நான். என் கார் ரேஸ் டிராக்கைக் கண்டதே இல்லை. காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு, நடுவில் சிக்னல்கள். 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேயே அதன் ஆயுள் கழிகிறது. அந்த வேகத்தைப் பற்றி உங்கள் விளம்பரங்களில் ஒரு வரிகூட இல்லை. லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும் வசதி) எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று), கியர் மாற எத்தனை மில்லிசெகண்ட், எவ்வளவு டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) தாங்கும் என்ற மூன்றையும் விட்டு நீங்கள் வெளியே வருவதே இல்லை.

கியர் மாறும் வேகம் இந்த வகைப் பெட்டிக்கு ஒருநாளும் குறையாக இருந்ததில்லை. 2003இல் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஆர்32 காரில் வந்ததிலிருந்தே அதற்குப் பெயரே அதுதான். ஒரு கிளட்ச்சில் ஒற்றைப்படை கியர்கள், இன்னொன்றில் இரட்டைப்படை கியர்கள். மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து வேண்டியது அதுதான் என்று ஊகித்து நான்கைக் கோத்து வைத்திருக்கும். ஒரு கிளட்ச்சை விட்டு மற்றதைப் பிடித்தால் வேலை முடிந்தது. ஊகம் பலித்தவரை எல்லாம் சுகம். பலிக்காத இடத்தில்தான் எங்களுக்குத் தலைவலி.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் மெல்ல வேகமெடுக்கிறேன், பெட்டி நான்கை எடுத்து வைத்திருக்கிறது. முன்னால் போகிறவர் பிரேக் பிடிக்கிறார், நானும் பிடிக்கிறேன். அவர் சட்டென்று திரும்பிப் போய்விட, வழி திறந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன். இப்போது எனக்கு வேண்டியது இரண்டு. ஆனால் அதே ஷாஃப்டில் நான்கு உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பிவிட்டு இரண்டைக் கோக்க வேண்டும். அந்த அரை மூச்சு நேரத்துக்குக் கார் சும்மா உருள்கிறது, பிறகு முதுகில் ஒரு குத்து வைத்துப் பாய்கிறது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பதும் அந்த அரை மூச்சில்தான். கம்பெனி கொடுத்த செட்டிங்கில் டி மோடு (அன்றாட ஓட்டத்துக்கானது) சீக்கிரம் சீக்கிரமாக மேல் கியருக்கு ஓடிவிடுவதால் இந்தக் கூத்து ஒரு பயணத்தில் பத்துத் தடவை நடக்கும். அதையும் குறை சொல்ல மாட்டேன். எரிபொருள், புகைச் சோதனைகளில் நல்ல எண் வர வேண்டும் என்றால் ஆர்பிஎம்மைத் தாழ்த்தித்தான் வைத்தாக வேண்டும்.

முதலில் போட்ட டியூன் இதைத் தீர்த்தது உண்மை. எப்படித் தீர்த்தது என்றால், டி மோடையே எஸ் மோடாக்கி (ஸ்போர்ட் மோடு)! 50இல் போனாலும் மூன்றாம் கியரை விடாது, 2,400 ஆர்பிஎம்மில் உறுமிக்கொண்டே வரும். காலை எடுத்தால் கார் மூக்கைக் குத்திக் குனியும். அப்போது என் எஞ்சினுக்கும் தனியாக ஒரு டியூன் இருந்தது, அது வேறொருவர் கைவேலை. ஒரு மாதத்தில் நான்காம் கியரில் ஏற்றம் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. லாக் (ஓடும்போது கம்ப்யூட்டரிலிருந்து பதிந்த எண்கள்) எடுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸின் உள்ளே போகும் ஷாஃப்டைவிட எஞ்சின் 200 ஆர்பிஎம் வேகமாகச் சுற்றுகிறது. கிளட்ச் வழுக்குகிறது.

இது பலருக்கும் நடப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 'இப்போது இவ்வளவு டார்க் தருகிறேன்' என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பித்தான் கிளட்ச்சை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று கியர்பாக்ஸ் கணக்குப் போடுகிறது. எஞ்சின் டியூன் போட்டவர் தன் வசதிக்காக அந்தக் கணக்கைக் குறைத்துக் காட்ட வைத்திருந்தால், பிடியும் அந்தப் பொய்க்கு ஏற்றபடிதான் இருக்கும். எஞ்சின்காரர் கியர்பாக்ஸ்காரரைக் கை காட்டினார், கியர்பாக்ஸ்காரர் எஞ்சின்காரரைக் கை காட்டினார். இரண்டு பேரில் ஒருவர்கூட லாக்கைக் கேட்டு வாங்கவில்லை.

இரண்டாவது டியூன் கிளட்ச் அழுத்தத்தை ஏற்றிக் கொடுத்தது. வழுக்கல் நின்றது, ஆனால் கீழிருந்து மேல்வரை ஒரே மாதிரி ஏற்றிவிட்டார்கள். ஊர்ந்து போகும்போதும் கிளட்ச் கப்பென்று கடிக்கிறது. ஒருநாள் சரிவில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த முயன்றேன். பிரேக்கை ஒரு நூல் தளர்த்தினால் கார் அசையவில்லை, இரண்டு நூல் தளர்த்தினால் ஒரு அடி குதிக்கிறது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன் என்றே வையுங்கள். பின் சீட்டில் தூங்குகிற என் குழந்தையின் தலைதான் என்னிடம் இருக்கும் நல்ல அளவுமானி. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று இறங்கும்போது அந்தத் தலை ஆடினால் டியூன் தோல்வி. இரண்டாவது டியூனில் பிள்ளை தூங்கவே இல்லை.

மூன்றாவதை எழுதியவர் முதலில் பதினைந்து நிமிடம் ஓட்டி எடுத்த லாக்கைக் கேட்டார். எஞ்சின் டியூனின் டார்க் கணக்கைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். ஊர்தலையும் புறப்பாட்டையும் தொடவில்லை. குறிப்பிட்ட டார்க்கைத் தாண்டினால்தான் அழுத்தம் கூடும். லேசாக மிதிக்கும்போது மேல் கியருக்குப் போவதை 300 ஆர்பிஎம் தள்ளி வைத்தார். மேலே ஏறும் புள்ளிக்கும் கீழே இறங்கும் புள்ளிக்கும் இடைவெளியைக் கூட்டினார். பிரேக்கைத் தொட்டதும் கீழ் கியரை எடுத்து வைக்கச் செய்தார். ஓட்டிப் பார்த்த நண்பர் 'டியூன் போட்டிருக்கிறாயா?' என்று கேட்டார். எனக்கு வேண்டிய பாராட்டு அதுதான். ஆனால் இப்படியொரு டியூனுக்கு விளம்பரம் செய்வது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே, கால்வாசி ஆக்சிலரேட்டரில் உங்கள் டியூன் எந்த வேகத்தில் எந்த கியரில் இருக்கும் என்ற பக்கத்தை விற்பதற்கு முன்பே காட்டுங்கள். டி மோடையும் எஸ் மோடையும் தனித்தனியாக வாங்க வழி வையுங்கள். ஃபைலை ஏற்றிய பிறகு கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கியர்பாக்ஸுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்யாமல் சாவியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரிஜினல் ஃபைலையும் கையில் கொடுங்கள்.

உலர் கிளட்ச் வண்டிக்காரர்களிடம் இன்னும் கூடுதல் நேர்மை வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ200 போன்ற பெட்டி 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கென்று செய்தது. சூட்டை எடுத்துப் போக அதன் கிளட்ச்சைச் சுற்றி எண்ணெய் கிடையாது. நெரிசலில் அது சூடாவது, பாதி பிடித்தும் பாதி விட்டும் ஊர்வதால். அதற்கு மருந்து முன் வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட்டு, போகும்போது முழுசாகப் போய், நிற்கும்போது பிரேக்கை நன்றாக மிதித்து நிற்பது. இதைச் சொன்னால் உங்களுக்கு ஒரு வியாபாரம் போகும். சொல்லுங்கள்.

பதில் எழுதுகிறவர்கள் லாக் ஃபைலோடு எழுதுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில், எண்ணெய் இன்னும் சூடேறாதபோது எடுத்த லாக்காக இருந்தால் முதலில் அதைத்தான் திறப்பேன்.

இப்படிக்கு,
இரண்டாம் கியரில் குடியிருக்கும் ஒருவன்