பத்தாயிரம் இருக்கட்டும், நிமிடத்துக்கு எத்தனை?

ஆசிரியருக்கு,

வணக்கம். நடைப்பயிற்சி என்றாலே நாளுக்கு 10,000 காலடி என்ற கணக்குதான் நலவாழ்வுப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மன்போ-கெய்' என்ற காலடிமானியோடு பரவிய எண் அது. அந்தப் பெயருக்கே பத்தாயிரம் காலடிமானி என்றுதான் பொருள். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் சிறுகச் சிறுக 10,000 சேர்த்தவருக்கு ஒரு தடவைகூட மூச்சு வாங்கியிருக்காது. இளைஞர்களுக்கு நடையின் வேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

21 முதல் 40 வயதுள்ளவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, அவர்கள் செலவழித்த ஆக்சிஜனை அளந்த ஆய்வு 2019-ல் வெளியானது. சும்மா உட்கார்ந்திருக்கையில் உடல் செலவிடும் ஆற்றலை 1 'மெட்' என்பார்கள். நிமிடத்துக்கு 100 காலடி வைத்தால் ஏறக்குறைய 3 மெட். மிதமான உடற்பயிற்சி அங்கே தொடங்குகிறது. அதன்பின் 10 காலடி கூடினால் 1 மெட் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். 130-ல் 6 மெட், அதாவது கடும் பயிற்சி.

எண்ணுவதில்தான் தவறு நடக்கிறது. முதல் இரண்டு நிமிடம் எண்ண வேண்டாம், நடை சீராகட்டும். பிறகு 30 விநாடிக்கு வலது கால் தரையில் படுவதை மட்டும் எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். 25 வந்தால் 100. ஒரு காலை எண்ணியதை மறந்து 2-ஆல் பெருக்குபவர்கள் ஏராளம். 50 என்று வந்தால் சோர்ந்துபோக வேண்டாம், கணக்குதான் பிழை! 10 விநாடிக்கு இரண்டு கால்களையும் எண்ணி 6-ஆல் பெருக்குவதும் வேண்டாம். ஒரு காலடி தவறினால் விடையில் 6 மாறிவிடும்.

கைபேசி காட்டும் சராசரியையும் அப்படியே நம்பக் கூடாது. 30 நிமிடத்தில் 6 நிமிடம் சிக்னலில் நின்று, மீதி 24 நிமிடம் 110 வேகத்தில் நடந்தால் மொத்தம் 2,640 காலடி. சராசரி 88 என்றே காட்டும். கைக்கடிகாரமோ கையசைவை வைத்து எண்ணுவது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தாலும், தள்ளுவண்டியைப் பிடித்திருந்தாலும் பல காலடிகளை விட்டுவிடும்.

100 என்பது சமதரைக்கான எண். மேட்டில் ஏறும்போதும் சுமை தூக்கும்போதும் காலடி குறையும், உழைப்போ கூடும். டிரெட்மில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டால் எண் மாறாமலே உழைப்பு குறையும். நெட்டையானவர்களுக்கு 100-க்குச் சற்றுக் கீழேயே 3 மெட் வந்துவிடும். குட்டையானவர்கள் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். விளையாட்டில் பழகிய உடலுக்கு 100 வெறும் உலாவல்தான். அதனால் எண்ணோடு மூச்சையும் பாருங்கள். பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதமான வேகம். பாடவும் முடிகிறதென்றால் 110, 115 என்று கூட்டுங்கள். நாலைந்து சொல்லுக்குள் மூச்சு முட்டினால் அது கடும் பயிற்சி. 140-ஐ நெருங்கும்போது கால் தானாக ஓடப் பார்க்கும், ஓடவிடலாம்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். இனி உங்கள் பக்கங்களில் '30 நிமிடம் நடங்கள்' என்று எழுதும்போது, 'அதற்குள் 3,000 காலடிக்குக் குறையாமல்' என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள் சிலர்