வேலியைப் பற்றி அப்பாவுக்கு

மேனர் பார்க், லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கல் கழித்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. பதில் போடாதது என் தவறுதான். வேலையை இரவு நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தூங்கி எழுந்தால் பொழுது சாய்ந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. சாம்பார் வைத்தேன், நம் கொல்லை மரத்துக் காயின் வாசம் வரவில்லை.

மார்ச் வந்தும் குளிர் விடவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் மேல்மாடிப் பெரியவருடன் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸுக்குப் போகிறேன். தண்ணீர் தேங்கும் நம் கண்மாய் உள்வாயைப் போலப் பரந்த புல்வெளி அது. வானம்பாடிகள் அங்கே தரையில், புல்லுக்குள் கூடு கட்டுகின்றன. நாய் ஓடினால் போதும், கூடு கலைந்துவிடும். அதனால் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அந்த இடத்தைச் சுற்றித் தற்காலிக வேலி போடுகிறார்கள். பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வருவோர் போவோரிடமெல்லாம் நாயைக் கயிற்றில் பிடிக்கும்படி கெஞ்சுகிறார். என் கையிலும் குப்பை எடுக்கும் இடுக்கியைக் கொடுத்துவிட்டார். இன்று இருவருமாக மூன்று பை நிரப்பினோம்.

1871இல் ஒரு பிரபு இந்த நிலத்தின் ஒரு பகுதிக்கு வேலி போட்டாராம். ஜூலையில் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் திரண்டு வந்து அதைப் பிடுங்கி எறிந்தார்கள். லண்டன் நகர நிர்வாகமும் வழக்காடியது. 1878இல் வந்த சட்டத்தால் எப்பிங் காட்டோடு இதுவும் என்றைக்கும் பொது நிலமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே வீடு கட்டத் திட்டம் வந்தபோதும் சுற்றுவட்டாரத்து மக்கள் எதிர்த்துத் தடுத்தார்கள். பெரியவரின் அம்மா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாராம்.

இன்று ஒரு வானம்பாடி பாடிக்கொண்டே எழுந்து புள்ளியாக மறைந்தது. கண்மாய் வற்றிய சித்திரையில் நீங்களும் நானும் மாடு தேடிப் போன நாள் நினைவிருக்கிறதா? தோளில் என்னைத் தூக்கிக் காட்டினீர்களே, அதே பாட்டு. அழுதுவிட்டேன், அப்பா. குளிர்காற்று என்று பெரியவரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

பெரியப்பா உள்வாயில் கல் ஊன்றிக் கம்பி கட்டியிருப்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு, செல்வி கல்யாணம் முடியும்வரை பேச வேண்டாம் என்கிறீர்கள். உள்வாய் சுருங்கினால் தண்ணீர் எங்கே நிற்கும்? ஐயா காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் போய்க் குடிமராமத்தாகத் தூர்வாரிய கண்மாய் அது. பெரியப்பாவிடம் நானே தொலைபேசியில் பேசுகிறேன். பரிசம் போட அவர்தான் முன்னால் நிற்க வேண்டும் என்றும் கேட்பேன், கம்பியை எடுக்கும்படியும் கேட்பேன். கோபித்தால் என் மேல் கோபிக்கட்டும். கண்மாய்ப் பாசன நிலம் உள்ள ஆயக்கட்டுக்காரர் கூட்டத்துக்கு மட்டும் நீங்கள் தவறாமல் போங்கள்.

இந்த மாதம் பணம் சற்றுக் குறைவாக வரும். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். நகைக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய தேதியை எழுதுங்கள். அம்மா கண் மருந்தை நிறுத்த வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்,
முத்து